கரையான் அரித்தவை

மரவள்ளி மாவில் காய்ச்சிய பசை ஆறி இறுகுவதற்குள் ஒட்டி முடிக்க வேண்டும். மணிமொழி நூலகத்துத் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, கிழிந்த பக்கங்களின் ஓரத்தில் விரலால் பசை தடவிக்கொண்டிருந்தாள். எதிரே எட்டாம் வகுப்புச் சங்கவி காக்கித்தாளைப் பட்டை பட்டையாகக் கிழித்துக் கொடுத்தாள். கள்ளக்குறிச்சியிலிருந்து மலையேறி வரும் பத்து மணி பஸ்ஸில் சரிபார்ப்பு அதிகாரி வருகிறார். சிறுவர் அலமாரியின் இருபத்தாறு புத்தகங்களில் ஒன்பதுதான் முடிந்திருந்தது.

புத்தகம் கெட்டிருந்தால் அது நூலகரின் கவனக்குறைவு. இது நிரந்தர வேலையும் இல்லை. வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பு ஆணை வர வேண்டும். இவளுக்கு முன்னால் இங்கே இருந்த ராதிகாவின் பைலில் அந்த ஒரு வார்த்தைதான் ஏறியது. அடுத்த ஆணை வரவில்லை. மணிமொழியின் ஆணைக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.

"இதோட மொதல் பாதி எங்க?" நாற்பத்தொன்பதாம் பக்கத்தில் தொடங்கிய ஒரு புத்தகத்தைத் தூக்கிக் காட்டினாள்.

"தமிழ்ப்ரியாகிட்ட இருக்குது டீச்சர். சாமைக் கொல்லையில குருவி ஓட்டிக்கினு இருக்கா. எடுத்தாந்துடுவா."

"யாரு பிச்சது?"

"பிக்கல டீச்சர். நூலத்தான் அறுத்தோம். ஒரே புக்கு, நாலு பேரு. ஒருத்தி படிச்சு முடிக்கிற வரைக்கும் மத்தவங்க அவ வாயப் பாத்துக்கினு இருக்கறதா? பலாப்பழம் மாதிரி பங்கு போட்டுக்கினோம்."

"அப்பிடிப் படிச்சா கத புரியுமா?"

"எனக்குக் கடைசிப் பங்குதான் மொதல்ல வந்துது. ராஜா செத்துட்டான். அப்பறம் தமிழ்ப்ரியா குடுத்ததுல பொறந்தான்."

மணிமொழிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒட்டிய தாள் கோணிக்கொண்டது. வூட்டுக்கு எடுத்துக்கினு போங்க, படிச்சிட்டு குடுத்தா போதும் என்று பீரோவைத் திறந்து விட்டவள் அவள்தான். யாரைத் திட்டுவது?

அதிகாரி அரங்கநாதன் மலை வளைவுகளில் வாந்தியெடுத்த முகத்தோடு வந்து சேர்ந்தார். ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்தார். நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடித் திறந்தார். பிறகு பதிவேட்டைப் பிரித்து, மேலே இருந்த புத்தகத்தை எடுத்தார். பக்கம் விரலோடு வந்தது.

"இன்னாம்மா இது, இட்லி மாதிரி ஈரமா இருக்குது."

"இப்பத்தான் ஒட்டினேன் சார்."

அவர் மெதுவாகப் புரட்டினார். கேழ்வரகு மாவு படிந்த கைரேகைகள். தேன் சொட்டிக் கண்ணாடியாகிப்போன ஒரு மூலை. நடுவில் அடையாளத்துக்கு வைத்த குருவியிறகு. ஒரு பக்கத்தில் கண் நின்றது. அதைப் படித்தார். அடுத்த பக்கத்தையும் படித்தார். மணிமொழி நின்றுகொண்டே இருந்தாள்.

"இருபத்தாறும் இப்பிடித்தானா?"

"ஆமா சார்."

"எப்பிடி இப்பிடி ஆச்சு?"

மழை ஒழுகியது என்று சொல்லலாம் என்று காலையிலிருந்து நினைத்து வைத்திருந்தாள். வாயில் அது வரவில்லை. "புள்ளைங்க படிச்சதுதான் சார்."

அவர் படிவத்தை அவள் பக்கம் திருப்பினார். சேதத்தின் காரணம் என்ற தலைப்பின் கீழே கட்டங்கள் இருந்தன: கரையான், எலி, மழை, தீ, கவனக்குறைவு.

"படிச்சதுன்னு இதுல கட்டம் இல்லியேம்மா. நானா எழுதி அனுப்பினா மேல இருக்கறவங்க கவனக்குறைவுல போட்டுடுவாங்க." பேனாவை நீட்டினார். "கரையான்னு போடுங்க. கரையானுக்கு மெமோ குடுக்க முடியாது."

வாசலிலிருந்து சங்கவி கேட்டாள். "அப்ப நாங்க கரையானா சார்?"

"ஆமாம்மா. மலைக்கரையான். கடிச்சா ஜாஸ்தி வலிக்கும் போலக்குது."

மணிமொழி இருபத்தாறு வரிகளில் கரையான் என்று எழுதினாள். அப்போதுதான் பசித்தது.

"கரையான் பட்டத எரிச்சிடணும், அது ரூல்" என்றார் அரங்கநாதன். "எரிச்சாச்சுன்னு எழுதிக்குங்க. பொகைய நான் பாக்கல. சாம்பல யாரு வூட்டுக்கு எடுத்துக்கினு போறாங்கன்னும் எனக்குத் தெரியாது."

மற்ற அலமாரிகளைப் பார்க்க அதிக நேரம் ஆகவில்லை. ஒவ்வொன்றுக்கும் நேராக நல்ல நிலை என்று முத்திரை விழுந்துகொண்டே போனது. கிளம்பும்போது மணிமொழி கேட்டாள். "அந்த இருபத்தாறுக்குப் பதிலா புதுப் புக்கு எப்ப சார் வரும்?"

"பட்டியல் போட்டு அனுப்புங்க."

"போன தடவ அனுப்பி மூணு வருஷம் ஆவுது சார்."

அவர் பேனாவை மூடிப் பையில் செருகினார். "வரும்மா" என்றார்.

ரெண்டு மணி பஸ் அவரை ஏற்றிக்கொண்டு போனது. சங்கவி ஊருக்குள் ஓடிச் சொன்னதில், மணிமொழி டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட்டு முடிப்பதற்குள் சாம்பல் தீர்ந்துபோயிற்று. பாவாடையில் மூடியும் கக்கத்தில் இடுக்கியும் பிள்ளைகள் மேட்டில் ஏறிப் போனார்கள். குருவியிறகு வைத்த புத்தகத்தை எடுத்தவள் நடந்துகொண்டே படித்து ஒரு கல்லில் இடறினாள்.

இரண்டாம் வகுப்புத் தேவிப்ரியா கடைசியாக வந்தாள்.

"எனக்கு டீச்சர்?"

சிறுவர் அலமாரியில் ஒன்றும் மிச்சமில்லை. சிறுமி பக்கத்து அலமாரிக்குப் போனாள். அங்கே இருந்ததில் தடிமனானதை இரண்டு கையாலும் இழுத்து, தரையில் போட்டு, மேலட்டையைத் திறந்தாள். சுங்க வரி, துறைமுக நிர்வாகச் சட்டங்கள். ஒன்பது வருஷமாக யாரும் திறக்காத பைண்டிங் படபடவென்று முறிந்தது. தேவிப்ரியா சப்பணமிட்டு உட்கார்ந்து முதல் வரியின் மேல் விரலை வைத்தாள்.

"சரக்... குக்... கப்... பல்..."