பொரிப்புப் பெட்டிக்கு ஓர் அலாரம்

அக்காவின் பொரிப்புப் பெட்டிக்கு அலாரம் செய்து தருகிறேன் என்று வாக்குக் கொடுத்த நேரமே சரியில்லை. காலையிலிருந்து தங்கை அந்தச் சின்ன எலக்ட்ரானிக் போர்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அது மசிவதாக இல்லை.

விஷயம் சின்னதுதான். பின்னறையில் பெட்டி, அதற்குள் குஞ்சு பொரிக்க வைத்த முட்டைகளோடு, சூட்டை அளக்கும் ஒரு சென்சார். அதன் வயர் கதவுக்கு அடியில் ஓடி முன்னறை மேஜையில் உள்ள போர்டுக்கு வருகிறது. பெட்டிக்குள் சூடு குறைந்தால் போர்டு பக்கத்திலிருக்கும் சிம் மோடத்திடம் சொல்லவேண்டும், மோடம் போனுக்கு மெசேஜ் அனுப்பவேண்டும். இதற்கா இத்தனை பாடு!

முன்பு இரண்டு தடவை வைத்த முட்டைகள் அத்தனையும் கூமுட்டையாகிப் போயிருந்தன. ‘அவளுக்குக் கைராசி கிடையாது’ என்று அக்காவின் மாமியார் தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொல்லியாயிற்று. அக்காவின் கணவர், தங்கைக்கு மாமா, தன் அம்மாவை மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. இந்தத் தடவையும் பொரிக்காவிட்டால் பெட்டியை விற்றுவிடலாம் என்று மட்டும் சொன்னார். அக்கா ஆசை ஆசையாகத் தொடங்கிய தொழில். நினைத்தாலே தங்கைக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கம்ப்யூட்டரிலிருந்து போர்டில் புரோகிராம் ஏற மறுத்தது. மோடத்தின் இரண்டு வயரையும் பிடுங்கினால் சமர்த்தாக ஏறியது. திரும்பச் செருகினால் மோடம் வாயைத் திறக்கவில்லை.

“என்னம்மா, முடிஞ்சுதா?” பின்னறைக்குப் போகிற வழியில் கேட்டார் மாமா.

“இல்ல மாமா.”

எங்கே மாட்டிக்கொள்கிறது என்று பார்க்க, ‘அளந்தேன்’, ‘அனுப்பப் போகிறேன்’ என்று ஒவ்வொரு அடியையும் கம்ப்யூட்டர் திரையில் எழுதிக் காட்டும்படி புரோகிராமை மாற்றினாள். நிலைமை இன்னும் மோசமாயிற்று. இப்போது மோடம் எதற்கெடுத்தாலும் ‘பிழை’ என்றது.

“இன்னும் முடியலையா?” திரும்பி வருகிற வழியில் மாமா.

“நீங்க கேக்காம இருந்தா முடிஞ்சிரும்!”

அவர் முகம் சுருங்கிப் போனது. பாவமாகத்தான் இருந்தது. ஆனால் இரக்கப்பட அவளுக்கு நேரமில்லை.

போர்டைக் கையிலெடுத்து, விளிம்பில் பொடி எழுத்தில் அச்சடித்திருந்த எண்களைப் படித்தாள். மோடத்தைச் செருகியிருந்த இடத்தில் பூஜ்யம், ஒன்று. நெற்றியில் அடித்துக்கொண்டாள். அவள் வேலை பார்க்கும் இடத்தில் பெரிய போர்டு. அதில் மற்ற கருவிகளோடு பேசுவதற்கென்றே நான்கு ஜோடி பின்கள் உண்டு. இந்தச் சின்னதில் ஒரே ஜோடி, அதிலும் கம்ப்யூட்டர் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. மோடத்தையும் அதிலேயே மாட்டிவிட்டு, கம்ப்யூட்டருக்கு எழுதிய ஒவ்வொரு வரியையும் மோடத்தின் காதிலும் ஓதியிருக்கிறாள். சம்பந்தமில்லாததைக் கேட்டால் அது பிழை என்றுதானே சொல்லும்? இவள் விசாரிக்க விசாரிக்க அது குழம்பியிருக்கிறது.

மோடத்தைப் பத்தாம், பதினோராம் பின்களுக்கு மாற்றிச் செருகினாள். புரோகிராமிலும் அந்த எண்களைப் போட்டாள். வயரைப் பிடுங்காமலே ஏறியது. ‘சோதனை’ என்று போனில் மெசேஜ் வந்தது.

அக்கா டீயோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு வாய் குடிப்பதற்குள் போன் கத்தியது: சூடு குறைகிறது.

“சனியனே! இப்பத்தானே சரி பண்ணேன்?” தங்கை போர்டை உலுக்கினாள். வயர்களை அழுத்திப் பார்த்தாள். எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தன. போன் மறுபடி கத்தியது.

இருவரும் பின்னறைக்கு ஓடினார்கள். பெட்டி திறந்து கிடந்தது. எப்போது மறுபடி இங்கே வந்தாரோ, மாமா ஒரு முட்டையைக் காதருகே வைத்துக் கண்மூடி நின்றிருந்தார்.

“என்னங்க பண்றீங்க?”

“உள்ள சத்தம் கேக்குதான்னு...”

“மூடியத் திறக்கவே கூடாதுன்னு சொன்னேன்ல? போன தடவையும் இப்படித்தானா?”

அவர் முட்டையைப் பூப்போல உள்ளே வைத்தார். “அடிக்கடி பாப்பேன். பயமா இருந்துச்சு, இதுவும் போயிருமோன்னு.”

அக்கா பெட்டியை மூடி, அதன்மேல் கைவைத்தபடி நின்றாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. “கைராசி இல்லன்னு உங்கம்மா ஊரெல்லாம் சொன்னப்ப பக்கத்துலதானே இருந்தீங்க?”



அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு தங்கையைப் பார்த்தாள். “இந்த அலாரம் எத்தன பேருக்கு மெசேஜ் அனுப்பும்?”

“நீ சொல்ற எல்லாருக்கும்.”

“அப்ப இவங்கம்மா நம்பரையும் சேத்துக்கோ.”