டிரைவரை விட்டுவிட்டு வந்த கண்டக்டர்

வண்டியில் ஏறினால் உட்காரலாம் என்பதே எனக்குப் புதுசு. பஸ் கண்டக்டருக்கு ஏது ஜன்னல் சீட்டு? கம்பியைப் பிடித்து நின்றே பிழைப்பை ஓட்டியவள் நான். அதனால் விமான நிலைய வாசலில் ரிசார்ட் வேன் வந்து நின்றதும் தலைகால் புரியாமல்தான் ஏறினேன்.

என் வீட்டுக்காரரும் அதே டிப்போ, அதே பஸ். அவர் டிரைவர். நான் பக்கத்துத் தகரத்தில் ஒரு தட்டுத் தட்டினால் நிறுத்துவார், இரண்டு தட்டுத் தட்டினால் கிளப்புவார். ஊரெல்லாம் லீவு விட்டுக் கிளம்பும்போதுதான் எங்களுக்கு ஸ்பெஷல் பஸ். அத்தனை பேரையும் உல்லாசப் பயணத்துக்கு ஏற்றி அனுப்பிவிட்டு, சொந்த மகளை டிப்போ கேன்டீனில் வீட்டுப்பாடம் எழுத உட்கார வைப்போம். வாண்டு என்றுதான் அவளைக் கூப்பிடுவது. இந்த வருஷம்தான் மேனேஜர் மனசு இறங்கி எங்கள் இரண்டு பேருக்கும் சேர்ந்தாற்போல லீவு கொடுத்தார்.

வாண்டு கேட்டது ஒன்றே ஒன்று. ரிசார்ட்டுக்குள்ளேயே இருக்கிற தீம் பார்க்கின் பெரிய ரோலர் கோஸ்டரில் மூன்று பேர் உட்காரும் வரிசை. ஒரு பக்கம் அப்பா, ஒரு பக்கம் அம்மா, நடுவில் அவள். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாக, நாளையிலிருந்து அதைப் பழுதுபார்க்க மூடுகிறார்களாம். இன்று சாயங்காலம்தான் கடைசி. பொழுது சாய்ந்ததும் வரிசைக்குச் சங்கிலி போட்டுவிடுவார்கள். விமான நிலையத்தில் எங்கள் கையில் நுழைவுப் பட்டை கட்டிவிட்ட பெண் இதைச் சொல்லி முடிப்பதற்குள், வாண்டு பெட்டியை இழுத்துக்கொண்டு வேனுக்கு ஓடிவிட்டாள்.

அது ஷேர் வண்டி. வழியில் ஒவ்வொரு ஹோட்டலாக ஆளை இறக்கிவிட்டு, கடைசியாகத்தான் எங்கள் ரிசார்ட். கிடைத்த இடத்தில் உட்கார்ந்தோம். நானும் வாண்டும் வேன் டிரைவருக்குப் பின்னால், என் வீட்டுக்காரர் கடைசி சீட்டில். நடுவில் கைக்குழந்தையோடு ஒரு குடும்பம், புதுசாகக் கல்யாணமான ஒரு ஜோடி, ஏறியதிலிருந்து போனைக் காதிலிருந்து எடுக்காத ஒருத்தர்.

முதல் ஹோட்டலில் கைக்குழந்தைக் குடும்பம் இறங்கியது. மலை மாதிரிப் பெட்டிகள். என் வீட்டுக்காரர் எழுந்தார்.

"ஏங்க, நீங்க இன்னிக்கு பாசஞ்சர். பேசாம உக்காருங்க."

"பாவம், குழந்தைய வச்சுக்கிட்டு தடுமாறுறாங்க. ஒரு கை பிடிச்சுட்டு வந்துடுறேன்."

பெட்டி இறக்குவது ஒரு சாக்கு. கால் தரையில் பட்டால் அந்த மனுஷன் வண்டியைச் சுற்றி வந்து டயரை உதைத்துப் பார்க்காமல் ஏற மாட்டார். யார் வண்டியாக இருந்தாலும் சரி.

அந்த நேரம் பார்த்து வாண்டு என் கையைப் பிடித்து இழுத்தாள். "அம்மா, அங்க பாரு. மரத்துக்கு மேல." பார்த்தேன். நீலத் தண்டவாளம் வானத்துக்கு ஏறிப்போய் அங்கிருந்து தொபுக்கென்று கீழே விழுந்தது. அதில் போகிறவர்கள் கத்துவது இங்கே வரை கேட்டது. வெயில் வேறு மஞ்சளாகிக்கொண்டிருந்தது. பின்கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அவ்வளவுதான், என் கை தானாகப் போய் ஜன்னல் தகரத்தை இரண்டு தட்டுத் தட்டியது.

"ரைட், போலாம்."

வேன் டிரைவரும் பழைய பஸ் டிரைவர்தான் போலிருக்கிறது. கண்ணாடியைக்கூடப் பார்க்காமல் கிளப்பிவிட்டார். பின்னால் திரும்பிப் பார்க்காமல் ரைட் கொடுக்காதே என்று எத்தனை புது கண்டக்டர்களை நான் கிழித்துத் தோரணம் கட்டியிருப்பேன்.

நாலு திருப்பம் போனதும் வாண்டு சீட்டில் ஏறி நின்று பின்னால் பார்த்தாள். "அப்பா, அங்க..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திவிட்டாள். கடைசி சீட்டில் அவருடைய தொப்பி மட்டும் உட்கார்ந்திருந்தது. அவருடைய போன் என் கைப்பையில்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "அண்ணே, நிறுத்துங்க. எங்க வீட்டுக்காரர விட்டுட்டோம்."

"நீங்கதானம்மா ரைட் குடுத்தீங்க?"

"நான் குடுத்தா? நீங்க கண்ணாடிய பாக்க மாட்டீங்களா? அது என்ன அழகுக்கா மாட்டியிருக்கு?"

அவர் வண்டியை ஓரம் கட்டினார். "இது ஒன்வேம்மா. சுத்திக்கிட்டுத்தான் போகணும். திரும்பிப் போனா பாப்பா சொல்லிக்கிட்டு வந்த அந்த கடைசி ரைடு உங்களுக்கு கெடைக்குமான்னு தெரியாது. வேணும்னா உங்க ரெண்டு பேர முதல்ல விட்டுட்டு, நான் போய் அவர கூட்டிட்டு வரேன். என்ன பண்ணலாம் சொல்லுங்க."

வாண்டு நீலத் தண்டவாளத்தைப் பார்த்தாள். அப்புறம் பின்னால் போய்த் தொப்பியை எடுத்துவந்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"திருப்புங்க அங்கிள். அப்பா இல்லேன்னா நான் எப்படி நடுவுல உக்கார முடியும்?"

அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. போன்காரர் முதல் தடவையாகக் குரலைத் தாழ்த்தினார். "நான் வர லேட்டாகும். இங்க ஒரு அம்மா புருஷன ரோட்டுல விட்டுட்டாங்க." புது மாப்பிள்ளை சத்தமில்லாமல் பெண்டாட்டியின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

சுற்றிக்கொண்டு போனால், ஹோட்டல் வாசலில் அவரைக் காணோம். எனக்குப் பகீர் என்றது. காவலாளியிடம் ஓடினேன்.

"டயர உதைச்சுக்கிட்டு இருந்தாரே, அவரா?" என்றார் காவலாளி. "அழுக்குத் துணிய வெளுக்க எடுத்துட்டுப் போற வேன் ஒண்ணு இங்கேர்ந்து ரிசார்ட்டுக்கு போகும். அந்த டிரைவர்கிட்ட பேச்சு குடுத்து, அதுல ஏறி அப்பவே போயிட்டாரு."

போன உயிர் திரும்பி வந்தது. கூடவே கோபமும் வந்தது. நாங்கள் இங்கே பதறுகிறோம், அவர் அழுக்குத் துணி மூட்டை மேல் உட்கார்ந்து சவாரி போகிறார்.

வேன் டிரைவர் மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தார். அடுத்தது போன்காரர் இறங்க வேண்டிய ஹோட்டல். "முதல்ல இவங்கள விடுங்க," என்றார் அவர். "என் ஹோட்டல் எங்கயும் ஓடிப் போயிடாது." புது ஜோடியும் தலையை ஆட்டியது. வேன் டிரைவர் என்னைப் பார்த்தார். நான் பின்னால் திரும்பி எல்லாரையும் ஒரு தடவை பார்த்துவிட்டு இரண்டு தட்டுத் தட்டினேன். அவர் ஓட்டிய ஓட்டம் இருக்கிறதே, ரோலர் கோஸ்டரே தேவையில்லை.

ரிசார்ட் வாசலில் இறங்கி ஓடினோம். பெட்டிகளைப் புது ஜோடி பார்த்து இறக்கிவைத்தது. பட்டையைக் காட்டி உள்ளே நுழைந்தபோது சூரியன் மரத்துக்குள் இறங்கிவிட்டது. ரோலர் கோஸ்டர் வரிசைக்குச் சங்கிலி போட்டாகிவிட்டது. வாண்டுவின் கால் அப்படியே நின்றுவிட்டது.

சங்கிலிக்கு உள்பக்கம், கையைக் கட்டிக்கொண்டு, தொப்பியில்லாத ஒரு தலை. என் வீட்டுக்காரர்.

சங்கிலியைப் பிடித்திருந்த பெண் எங்களைப் பார்த்ததும் பெருமூச்சு விட்டாள். "நீங்கதான் அந்த கண்டக்டரா? இவரு பின்னால வந்தவங்களயெல்லாம் முன்னால விட்டுட்டு நிக்கிறாரு. ஏறுங்க சார்னா, என் கண்டக்டர் வராம நான் வண்டியில ஏற மாட்டேங்கறாரு. இதான் கடைசி ஓட்டம். சீக்கிரம் வாங்க."

டிரைவரை விட்டுவிட்டு வண்டியை எடுக்கச் சொன்னவள் நான். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அதை மறைக்கத்தான் திட்ட ஆரம்பித்தேன்.

"வேன் போறது தெரியுதுல்ல, ஒரு குரல் குடுக்க மாட்டீங்களா?"

"நீ ரைட் குடுத்துட்ட. நீ குடுத்தா அது சரியாத்தான் இருக்கும்னு நின்னுட்டேன்," என்றார்.

ஏறி உட்கார்ந்தோம். ஒரு பக்கம் அவர், ஒரு பக்கம் நான், நடுவில் வாண்டு. பாதுகாப்புக் கம்பி மடிமேல் இறங்கியது. "ஸ்டீயரிங் இல்லாம கைய எங்க வைக்கிறதுன்னே தெரியல," என்று அவர் முனகினார். எனக்கு வந்தது பயமா சந்தோஷமா என்று எனக்கே தெரியவில்லை. அந்தப் பெண் பட்டனை அழுத்தக் கையைக் கொண்டுபோனாள்.

"அக்கா, ஒரு நிமிஷம்," என்றாள் வாண்டு.

அவள் மடியிலிருந்த தொப்பியைச் சட்டைக்குள் செருகிக்கொண்டாள். இந்தப் பக்கம் திரும்பி அப்பாவைப் பார்த்தாள். அந்தப் பக்கம் திரும்பி என்னைப் பார்த்தாள். அப்புறம் கம்பியில் இரண்டு தட்டுத் தட்டினாள்.

"ரைட், போலாம்."