புருவத்தில் ஒரு ஆமாம்

"சாப்பிடுடி, ஆறிப்போகுது" என்று லிகாயா இன்னும் ஒரு கரண்டி மீன் சாற்றை நெனித்தாவின் கிண்ணத்தில் ஊற்றினாள். புளிப்புத் தூக்கலாக, கீரைத்தண்டு மிதக்க, பிலிப்பைன்ஸில், அவர்கள் ஊரான இலோயிலோவில் செய்வது போலவே இருந்தது. நர்ஸ் தேர்வில் தோற்றவள் சமைத்துப் போடுகிறாள், ஆறுதல் சொல்ல வந்தவள் உட்கார்ந்து சாப்பிடுகிறாள் என்று நினைத்தபோது நெனித்தாவுக்குக் கூச்சமாக இருந்தது. வெளியே வின்னிபெக் நகரம் முழுக்கப் பனி விழுந்துகொண்டிருந்தது. நாற்காலியின் முதுகில் முதியோர் இல்லத்தின் ஊதாச் சட்டை தொங்கியது. இன்னும் சற்று நேரத்தில் லிகாயா அதை மாட்டிக்கொண்டு, அங்கிருக்கும் கிழவர்களைக் குளிப்பாட்டிப் படுக்க வைக்கப் போகவேண்டும்.

ஊரில் அவள் அறுவைச் சிகிச்சை வார்டுக்கே தலைமை நர்ஸ். அவளிடம் வேலை பழகியவள்தான் நெனித்தா. பழகியவளே முதலில் கனடா வந்து, தேர்வு தேறி, இங்கேயும் நர்ஸாகிவிட்டாள். கடவுள் கொடுத்ததைப் பகிர வேண்டும் என்று, ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் மாதா கோயிலின் அடித்தளக் கூடத்தில் ஊர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்துவந்தாள். ஒருத்தி பெஞ்சில் நோயாளியாகப் படுப்பாள், ஒருத்தி நர்ஸாக நிற்பாள், நெனித்தா மார்க் போடுவாள். அங்கே வந்தவர்களில் மூத்தவள் லிகாயா.

"கேட்டதுக்குப் பதில் சொல்லலையாம்." லிகாயா எதிரே உட்கார்ந்தாள். "நோயாளியா நடிச்சாரே அந்தப் பெரியவர், 'இது எனக்கான மருந்துதானா, சரி பார்த்தீங்களா'ன்னு ரெண்டு தடவை கேட்டாராம். நான் பேசாம நின்னேனாம். ஊசியில மருந்து ஏத்திக்கிட்டே ஆமான்னு சொன்னேன்டி. சத்தியமா சொன்னேன்."

நெனித்தா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அதான் பயமா இருக்கு. சொல்லாததைச் சொன்னதா நினைக்கிறேன்னா என்ன அர்த்தம்? எங்கம்மாவுக்கும் இந்த வயசுலதான் புத்தி தடுமாற ஆரம்பிச்சுது. இனிமே நான் அந்தத் தேர்வுப் பக்கம் போகப்போறதில்ல. நாளைக்கு ஒரு உசிரு என் கையில இருக்கும்போது, குடுக்காத மருந்தைக் குடுத்துட்டதா நினைச்சுட்டா?"

லிகாயாவின் புத்திக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது நெனித்தாவுக்குத் தெரியும். அவள் ஆமாம் என்றுதான் சொல்லியிருப்பாள். அவர்கள் ஊரில் அதற்கு வாய் எதற்கு? இரண்டு புருவமும் ஒரு தரம் மேலே போய்வந்தால் போதும். கடைக்காரன் அப்படித்தான் சொல்வான், பஸ் ஓட்டுகிறவன் அப்படித்தான் சொல்வான், பாதிரியார்கூட. இளம்பெண்கள் பயிற்சியில் அப்படிச் செய்தால், "புருவத்துக்கு மார்க் கிடையாதுடி, வாயைத் திற" என்று நெனித்தா கேலி செய்வாள். கூடமே சிரிக்கும். லிகாயா புருவம் உயர்த்தியபோதெல்லாம் பேசாமல் மார்க் போட்டாள். ஊசி பிடிக்கக் கற்றுக்கொடுத்தவளை அந்தப் பெண்களின் முன்னால் எப்படித் திருத்துவது? அதை மரியாதை என்று நினைத்தாள், அன்பு என்றும் நினைத்தாள். வாயால் சொல்லவேண்டிய ஒரு வார்த்தையை விட்டுவிட்டு, லிகாயா தேறவேண்டும் என்று மாதாவின் முன்னால் ஜெபமாலை உருட்டினாள்.

இப்போதும் சொல்லாமல் இருந்துவிடலாம். லிகாயாவே முடிவெடுத்துவிட்டாள், யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் இனி ஒவ்வொரு நாளும் சாவியை எங்கே வைத்தோம், அடுப்பை அணைத்தோமா என்று அவள் தன்னையே சந்தேகித்துக்கொண்டு வாழ்வாள். நெனித்தா நாற்காலியை அவள் பக்கம் இழுத்தாள்.

"அக்கா, உங்க புத்தி நல்லாத்தான் இருக்கு. நீங்க ஆமான்னு சொன்னீங்க. புருவத்தால சொன்னீங்க. இந்த ஊர்க்காரங்களுக்கு அது புரியாது."

லிகாயாவின் கை தானாக நெற்றிக்குப் போனது. கொஞ்ச நேரம் தடவிப் பார்த்தாள். பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். "அடக் கடவுளே! நான் மூளையைச் சந்தேகப்பட்டா, நெத்திதானே என்னைக் கவுத்திருக்கு!" சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவள் முகம் மாறியது. "உனக்கு எப்போ தெரியும்?"

"முதல் வாரமே, அக்கா."

"மார்க் போட்டியே."

"போட்டேன்."

"அந்தப் பொண்ணுங்களை மட்டும் கேலி பண்ணுவியே. நானும் கூட உட்கார்ந்து சிரிச்சேனே, நெனித்தா."

"உங்களைப் போய் எப்படி... எல்லார் முன்னாடியும் உங்க மனசு சங்கடப்படுமேன்னு..."

"கை கழுவாம நீ ஆபரேஷன் தட்டைத் தொட்டப்போ, டாக்டர் முன்னாடியே உன் கையில ஒண்ணு போட்டேன். ஞாபகம் இருக்கா? அப்போ உன் மனசை நான் பார்த்தேனா?" லிகாயா குரலை உயர்த்தவில்லை. "நான் அங்க வந்தது படிக்க. கும்பிடு வாங்க இல்ல."

"என்னை மன்னிச்சிடுங்க, அக்கா."

லிகாயா கிண்ணங்களைக் கழுவிக் கவிழ்த்தாள். ஊதாச் சட்டையை அணிந்து, அதன் மேல் கனத்த கோட்டைப் போட்டுக்கொண்டு, பூட்ஸ் மாட்டி, கதவைத் திறந்து நின்றாள். நெனித்தா அவள் பின்னால் நடந்தாள். பஸ் நிறுத்தத்தில் காற்று முகத்தை அறுத்தது. வெயில் காலத்தில் மறுபடி தேர்வு இருக்கிறது என்றாள் நெனித்தா. தினமும் வீட்டுக்கே வந்து சொல்லித்தருகிறேன் என்றாள், தப்பைத் தப்பு என்றே சொல்வேன் என்றாள். லிகாயா கம்பளித் துண்டை மூக்குவரை இழுத்துக்கொண்டு பஸ் வரும் திசையைப் பார்த்தாள்.

பஸ் வந்தது. நெனித்தாவின் வீடு எதிர்த்திசையில் இருந்தது. லிகாயா ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, பையைப் பக்கத்து இருக்கையில் வைத்தாள். ஓட்டுநர் கதவை மூடாமல் நெனித்தாவைப் பார்த்தார். உள்ளே லிகாயா முகத்தைத் திருப்பாமலேயே பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பக்கத்து இருக்கை காலியானது. திறந்த கதவு வழியே பனி பறந்துபோய்ப் படியில் விழுந்து உருகியது.