நூற்றுக்குத் தொண்ணூற்றாறு

என் கூடப்பிறந்த அண்ணன் என்னை நம்ப வைத்துக் கழுத்தறுத்தான். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது.

விமானப் பழுதுபார்ப்பு ஹேங்கரில் நான் பதினான்கு வருட மெக்கானிக். வேலை முடிந்து நான் முத்திரை குத்தினால்தான் விமானம் நகரும். முத்திரையில் என் எண் இருக்கும். அண்ணன் அங்கேயே பயிற்சிப் பிரிவுத் தலைவன். தவறு செய்தவர்கள் பெயர் போடாமல் எழுதிப் போடட்டும் என்று அவன் அறை வாசலில் ஒரு பூட்டிய பெட்டி வைத்திருந்தான். சாவி அவனிடம் மட்டும்.

போன வருடம் நானும் அதில் ஒரு தாள் போட்டேன். காலை ஆறு மணி, ஷிப்ட் முடிகிற நேரம். இன்ஜினுக்கு ஆயில் ஊற்றி மூடியை வைத்தவள், அதைப் பூட்டவில்லை. பன்னிரண்டு மணி நேரம் நின்ற கால். அடுத்த ஷிப்ட் ஆளோடு நின்று பேச நேரம் கிடையாது. பேசினால் அதற்குச் சம்பளமும் கிடையாது. "மிச்சத்தப் பாத்துக்கோங்க" என்று ஓடிக்கொண்டே சொன்னேன். ஓடுபாதை வரை போன விமானம் ஆயில் வழிய வழியத் திரும்பி வந்தது. நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இரண்டு ஷிப்ட் கை பட்ட வேலை என்பதால் எந்த ஷிப்டின் தவறு என்று விசாரணையில் தெரியாமல், கோப்பை மூடிவிட்டார்கள்.

தாளில் பெயர் இல்லைதான். ஆனால் கூடப்பிறந்தவனுக்கு என் கோழிக்கிறுக்கல் தெரியாதா? ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

"இது நீதானே?"

எட்டி வாசல் கதவைச் சாத்தினேன்.

"பயப்படாத, திட்ட வரல. இத வச்சு மேலிடத்த மடக்கப் போறேன். ஷிப்ட் மாறும்போது ரெண்டு ஷிப்ட் ஆளும் அரை மணி நேரம் சேந்து நிக்கணும், சம்பளத்தோட. இரட்டை ஷிப்ட் கூடாது. மனுஷன் எங்க, எப்படித் தப்பு பண்றான்னு எல்லாருக்கும் வகுப்பு. பாதுகாப்புன்னு சொன்னா தலையாட்டிட்டுப் போயிடுவாங்க. காசுன்னு சொன்னாதான் அவங்களுக்குக் காது கேக்கும். ஒரு மூடியால எவ்ளோ போச்சுன்னு காட்டணும்."

"என் பேரு வெளிய வராதில்ல?"

"அம்மா மேல சத்தியம்."

துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்தாள். "என் மேல எதுக்குடா? உன் தொப்ப மேல பண்ணு."

மூவரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

மூன்று ஞாயிறு உட்கார்ந்து எழுதினோம். பயணிகளுக்கு ஓட்டல் அறை, மாற்று விமானத்தின் வாடகை, இன்ஜினைக் கழுவிச் சோதித்த ஒன்பது மணி நேரம், தவறிப்போன அடுத்த இரண்டு பயணங்கள். எது எவ்வளவு ஆகும் என்று எனக்குத்தான் தெரியும், அவனுக்கு என்ன தெரியும்! இன்ஜினைத் துடைத்த துணியைக்கூட விடாமல் எழுத வைத்தேன். பெட்டியில் இருந்த மற்றத் தாள்களுக்கும் அதேபோல் கணக்குப் போட்டுச் சேர்த்தோம்.

நிதி அதிகாரியம்மா அதைத் திருப்பி அனுப்பினார். எதைக் கொடுத்தாலும் வெட்டுவார் என்பதால் ஹேங்கரில் அவருக்குக் கத்தரிக்கோல் என்று பெயர். "நூறு செலவழிச்சா தொண்ணூத்தாறுதான் திரும்புது. நாலு இடிக்குது" என்றாராம்.

"எங்கேயாவது தேத்திடலாம், விடு" என்றான் அண்ணன்.

கூட்டத்துக்கு என்னையும் அழைத்துப் போனான். வேலைத்தளத்து ஆள் ஒருவர் பேசினால் எடுபடுமாம். அரை மணி நேரம் கிடைத்தால் என்னென்ன தவறெல்லாம் நடக்காது என்று வாய் வலிக்கச் சொன்னேன். கத்தரிக்கோல்கூடக் கை தட்டினார். பிறகு கடைசிப் பக்கத்தைத் திரையில் போட்டார். செலவு நூறு, வரவு நூற்று ஒன்று. அடியில் எங்கள் வீட்டு மேஜையில் நான் பார்க்காத ஒரு வரி: ஆயில் மூடித் தவறுக்குப் பொறுப்பானவர் நீக்கம்; அதில் மிச்சம் ஒரு சம்பளம். பக்கத்தில் என் முத்திரை எண்.

இடித்த நாலை என்னை வைத்து அடைத்துவிட்டான், பாவி. அண்ணன் தண்ணீர்க் குவளையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வெளியே வந்து சட்டையைப் பிடித்தேன்.

"அறுபது பேருக்கு அரை மணி நேரம் கெடச்சிருக்கு. நீ கேட்டதுதானே?" என்றான். "உனக்கு வேற எங்கேயும் வேலை கெடைக்கும். கொஞ்சம் பொறுத்துக்கோ, அடுத்த வருஷம் நானே திரும்பக் கூப்பிடுறேன்."

"ஒரு வார்த்த முன்னாடி சொன்னியாடா?"

"சொன்னா வந்து பேசியிருப்பியா?"

அந்தப் பதிலைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

திட்டம் என் கடைசி வாரத்தில் தொடங்கியது. கடைசி நாள் அந்த அரை மணி நேரத்தை முழுதாக எடுத்துக்கொண்டேன். எந்த மூடி பூட்டியது, எந்த ஸ்க்ரூ பாக்கி என்று அடுத்த ஷிப்ட் ஆளுக்குத் தொட்டுத் தொட்டுக் காட்டினேன். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஹேங்கர் முழுக்க விஷயம் தெரிந்திருந்தது.

முத்திரையைக் கொடுக்க அண்ணன் அறைக்குப் போனேன். மேஜையில் பெட்டி திறந்து கிடந்தது. உள்ளே ஒன்றுமில்லை.

"ஒரு மாசமா ஒரு தாள்கூட விழல" என்றான். "தாள் வரலேன்னா கணக்குக் காட்ட முடியாது, திட்டத்தையே நிறுத்திடுவாங்க. நீ சொன்னா பசங்க கேப்பாங்க. பேரு வெளிய வராதுன்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயேன்."

முத்திரையை எடுத்து அந்தக் காலிப் பெட்டிக்குள் போட்டேன்.

"சொல்றேண்ணா. யார் மேல சத்தியம் பண்ணிச் சொல்லட்டும்?"