கூடிப்போன இரண்டு நிமிடங்கள்

காசிராஜனின் கைக்கடிகாரம் அன்றைக்கும் பத்தொன்பது நிமிடத்தைக் காட்டியது. வைகாசி வரை அதே மூன்று கிலோமீட்டரைப் பதினேழு நிமிடத்தில் ஓடி முடித்தவர். ஓட்டம் முடியும் இடத்தில் இருந்த மைல்கல்லின்மேல் உட்கார்ந்து, மார்பில் கை வைத்துத் துடிப்பை எண்ணினார். பாதியில் எண்ணிக்கை தவறியது. மறுபடி எண்ணப் பயமாக இருந்தது.

அவருக்கு வயது நாற்பது. சிவகாசியில் ஓர் அச்சகத்தில் ஆப்செட் மெஷின் ஓட்டுகிறார். அவருடைய அண்ணன் செல்லப்பாண்டி நாற்பத்தொரு வயதில் இறந்துபோனார். காலண்டர் கட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார்; ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அதற்கு இரண்டு மாதம் முன்பிருந்தே படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அண்ணனின் காரியம் முடிந்த வாரத்தில்தான் காசிராஜன் ஓட ஆரம்பித்தார். ஆறு வருடமாகத் திருத்தங்கலில் வீட்டுக்குப் பக்கத்து மைதானத்தைச் சுற்றி வந்தார். இந்த ஆனியில் அங்கே கட்டடம் கட்ட அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டிவிட்டார்கள். அதனால் ஊருக்கு மேற்கே போகும் சாலைக்கு மாறினார். போகும்போது மூன்று கிலோமீட்டர் ஓட்டம், வரும்போது நடை.

முதல் நாளே ஒரு நிமிடம் கூடியது. புது இடம், பழகினால் சரியாகிவிடும் என்று விட்டார். ஆடி பிறந்ததும் இன்னொரு நிமிடம் கூடியது. டீயை நிறுத்திப் பார்த்தார். எண்ணெய்ப் பலகாரத்தைத் தொடாமல் இருந்து பார்த்தார். நேரம் குறையவில்லை. ஆடிப் பதினெட்டுக்கு அடுத்த வருடக் காலண்டர்களின் மாதிரி ஆல்பம் வெளியாக வேண்டும், அச்சகத்தில் மூச்சுவிட நேரமில்லை என்று சொல்லி வீட்டில் முகம் கொடுத்துப் பேசுவதையே குறைத்துக்கொண்டார்.

அவர் மனைவி கற்பகம் இட்லி மாவு அரைத்து மொபெட்டில் கடைகளுக்குப் போடுகிறவள். அன்றைக்கு அந்தச் சாலையில் வந்தவள், மைல்கல்லில் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து வண்டியை நிறுத்தினாள்.

"என்ன செய்யுது? மறைக்காமச் சொல்லுங்க."

"அண்ணனுக்கு வந்தது எனக்கும் வந்திருச்சு போல, கற்பகம்."

இரண்டு மாதக் கதையையும் அவள் நின்றபடியே கேட்டாள். இத்தனை நாளாக ஏன் சொல்லவில்லை என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாவுத் தூக்குகளை அடுத்த கடையில் இறக்கி வைத்துவிட்டு, அன்றே முற்பகலில் அவரை விருதுநகருக்கு பஸ் ஏற்றி, இருதய டாக்டரிடம் கூட்டிப்போனாள்.

ஈசிஜியில் ஒன்றுமில்லை. அடுத்து டிரெட்மில்லில் ஏற்றினார்கள். மூன்று நிமிடத்துக்கு ஒரு தடவை பட்டையின் வேகம் கொஞ்சம் கூடியது. அதன் முன்பக்கமும் கொஞ்சம் உயர்ந்தது. நான்காவது தடவை உயர்ந்தபோது பனியன் நனைந்து ஒட்டிக்கொண்டது. இறங்கிவிடலாமா என்று அவர் கேட்க, இன்னும் கொஞ்ச நேரம் என்றார் டாக்டர். கடைசியில் நீளமான தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இருதயம் நன்றாக இருக்கிறது என்றார்.

கற்பகம் கண்ணை மூடிக்கொண்டாள். காசிராஜனுக்கு மட்டும் நம்பிக்கை வரவில்லை. அப்படியானால் எனக்கு ஏன் இரண்டு நிமிடம் கூடுகிறது என்று கேட்டார். ஓடுகிற சாலை மேடா என்று டாக்டர் கேட்டதற்கு, மேற்கே போகிற சாலை, பலகை மாதிரி சமமாக இருக்கும் என்றார்.

"கண்ணுக்குச் சமமாத் தெரியலாம். நூறு அடிக்கு ஒரு அடி உயர்ந்தாலே போதும், ஒவ்வொரு எட்டுக்கும் உங்க உடம்பை நீங்களே தூக்கிட்டு ஓடணும்," என்றார் டாக்டர். இப்போது ஆடிக் காற்று வேறு எதிரே அடிக்குமே என்றும் சொன்னார்.

திரும்பி வரும் பஸ்ஸில் கற்பகத்துக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. அந்தச் சாலையில் மேற்கே போகும்போது மொபெட்டும் இழுக்கமாட்டேன் என்கிறது. இரண்டு தடவை மெக்கானிக்கிடம் விட்டாள்; வண்டியில் கோளாறே இல்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

மறுநாள் விடிந்ததும் இருவரும் போனார்கள். சாலை மிகச் சமமாகத் தெரிந்த இடத்தில் அவள் இன்ஜினை அணைத்து, பிரேக்கை விட்டு, கால்களைத் தூக்கிக்கொண்டாள். வண்டி ஒரு நொடி நின்றது. பிறகு மெல்லப் பின்பக்கமாக, ஊரைப் பார்த்து உருண்டது.

காற்று தள்ளியிருக்கும் என்றார் அவர். மேற்கே மலைப்பக்கமிருந்து வந்த காற்றில் அவள் முந்தானை படபடத்துக்கொண்டுதான் இருந்தது. காற்று ஓயும் வரை ஒரு தோட்டத்துச் சுவர் ஓரமாக நின்றார்கள். ஓய்ந்ததும் மறுபடி காலைத் தூக்கினாள். மறுபடியும் வண்டி பின்னால் உருண்டது.

காசிராஜன் மைல்கல் வரை நடந்தார். அங்கிருந்து ஊரைப் பார்த்துத் திரும்பி, கடிகாரத்தை அமுக்கிவிட்டு ஓடினார். காற்று முதுகில் கை வைத்துத் தள்ளியது. கால்கள் தாமாக எட்டி எட்டி விழுந்தன. தொழிற்சாலை வேன்கள் இரண்டு எதிரே வந்தன. உள்ளே இருந்த பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். கற்பகம் மொபெட்டில் கூடவே வந்தாள்.

தினமும் ஓட்டத்தைத் தொடங்கும் முதல் தெருவிளக்குக் கம்பத்தருகே நின்று பார்த்தார். பதினைந்து நிமிடம், நாற்பது நொடி.

மூச்சு வாங்கியது, ஆனால் அது ஓடினவனுக்கு வாங்குகிற மூச்சுதான். கடிகாரத்தை அவளிடம் நீட்டினார். அவள் பார்த்து முடிப்பதற்குள் அவருக்குக் கண் நிறைந்து வழிந்தது. துடைக்கவில்லை.

"உங்க அண்ணனையும் ஒரு தடவ டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிக் காமிச்சிருக்கலாம்," என்றாள் கற்பகம்.

"ஆமா. காமிச்சிருக்கலாம்."

வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு ஏழு இட்லி சாப்பிட்டார். எட்டாவதை வைக்கும்போது, நாளைக்கு எங்கன ஓடப்போறீக என்று கேட்டாள்.

"மேக்க பாத்துத்தான்," என்றார், தட்டை நகர்த்தி வைத்துக்கொண்டு.