சுண்டுவிரல் உயரம்

ரபேல் வாத்தியாருக்கு எகிப்துப் பைத்தியம் பிடித்து ஒரு மாதம் ஆகியிருந்தது. பிடிக்காமல் என்ன செய்யும்? யாரோ ஒரு ராஜாவின் கல்லறையைத் தோண்டிவிட்டார்களாம், பேப்பரைத் திறந்தால் அதே பேச்சு. பிரிக்பீல்ட்ஸ் மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றில் ஏழாம் வகுப்புக்கு அவர்தான் டிராயிங். வெள்ளிக்கிழமை கண்காட்சி. சுவர் நீளத்துக்குப் படம் வேண்டும் என்று ஹெட்மாஸ்டரான வெள்ளைக்காரத் துரை சொல்லிவிட்டார்.

"முகம் பக்கவாட்டுல, கண்ணு நேரா. யாரு பெரியவங்களோ அவங்களைப் பெருசா வரையணும். வேலைக்காரங்க சுண்டுவிரல் உயரம்தான். எகிப்துக்காரன் சட்டம் அது. இப்ப உங்க ஆளுங்களை வரைங்க."

புஷ்பவல்லி தன் அம்மா இராஜம்மாவை வரைந்தாள். ரயில் பாதைக்குச் சரளைக்கல் சுமக்கிறவள். படத்தில் தலைக்கூடையோடு தாள் கொள்ளாமல் நின்றாள். வேலை வாங்கும் மண்டோர் அவள் கணுக்காலருகே, சுண்டுவிரல் உயரம்.

வகுப்பே சிரித்தது. வாத்தியாருக்குச் சுருக்கென்றது.

"சட்டம் என்ன சொன்னேன்? கல்லு தூக்குறவ பெரியவளா?"

"எங்க வீட்டுல அவங்கதான் சார் பெரியவங்க."

"எதுத்துப் பேசாதே. மாத்தி வரை."

மாற்றி வரைந்தாள்: மண்டோர் பெரிது, அம்மா சுண்டுவிரல் உயரம்.

அவருக்கு ஏன் அத்தனை கோபம்? நான் சொல்கிறேன். அவரைப் பெற்ற மகதலேனாவும் கல் சுமந்தவள்தான். அந்தக் கூலியில்தான் இவர் இங்கிலீஷ் படித்தார். அவள் பக்கத்து ஊரான காஜாங்கில் தனியாகக் கிடக்க, இவரோ, பெற்றோர் கடலுக்கு அந்தப் பக்கம் தஞ்சாவூரில் நிலபுலத்தோடு இருப்பதாகத் துரையிடம் அளந்து வைத்திருந்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான்.

வெள்ளிக்கிழமை இராஜம்மா வந்தாள். மகள் படத்தின் முன்னால் குந்தி உட்கார்ந்து தன்னைத் தேடிக் கண்டுபிடித்தாள்.

"அட, நான் இம்புட்டுதானா?" என்று சிரித்துக்கொண்டே நிமிர்ந்தவள், வாத்தியாரின் முகத்தை உற்றுப் பார்த்தாள். "தம்பி, நீ மகதலேனா அக்கா மவன்ல? நாங்க ரெண்டு பேரும் ஒண்ணா கல்லு சுமந்தோமே! அக்கா நல்லா இருக்காங்களா?"

பக்கத்தில் நின்ற துரை, இவள் யார், என்ன சொல்கிறாள் என்று இங்கிலீஷில் கேட்டார்.

"யாரோ கூலிக்காரி. படம் நன்றாக இருக்கிறதாம்," என்றார் ரபேல், அதே இங்கிலீஷில்.

இராஜம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டது தெரிந்தது.

"வரேன் வாத்தியாரய்யா," என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போனாள். தம்பி என்று கூப்பிட்ட வாய் அது.

அருகில் நின்று எல்லாவற்றையும் கேட்ட புஷ்பவல்லிக்கோ இங்கிலீஷ் நன்றாகவே தெரியும். அவள் பார்த்த பார்வையில் அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. சே, இதுவும் ஒரு பிழைப்பா!

கண்காட்சியில் கண்டதைத் திங்கட்கிழமை எகிப்து முறையில் வரையச் சொல்வதென்று முன்பே திட்டம் போட்டிருந்தார்; அப்படியே வரைந்தார்கள். புஷ்பவல்லியின் தாளில் அம்மா ஒரு முழம், துரை ஒரு சாண். ரபேல் தன்னைத் தேடினார். இராஜம்மாவின் கால் கட்டைவிரலுக்குப் பக்கத்தில் இருந்தார், டை கட்டிக்கொண்டு, சுண்டுவிரல் உயரம்கூட இல்லாமல்.

"சட்டப்படிதான் சார் வரைஞ்சேன்."

"சரியாத்தான் இருக்கு," என்று முழு மார்க் போட்டார். சாயங்காலம் காஜாங்குக்கு ரயில் இருந்தது. எந்த முகத்தை வைத்துக்கொண்டு அம்மா முன்னால் போய் நிற்பது என்றுதான் தெரியவில்லை.