சரியான விடையைத் தொடவும்

தொப்பியும் முகமூடியும் போட்டிருந்தாலும் அந்த முதுகு வெல்டருடையது என்று அவளுக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. இடது தோள் கொஞ்சம் இறங்கின முதுகு. அவள் புருஷனோடு ஒரே ஷிப்டில் கிடந்தவர், வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்றும்போதே தண்ணீர் கேட்கிறவர். அவர் எதற்கு இந்தக் கம்ப்யூட்டர் திரைக்குள், ஃபிட்டர்களின் நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு, சோப்பு அரைக்கிற ரோலரை நோக்கி நடந்து போகிறார்? ஹெட்போனில் ஒரு பெண்குரல் கனிவாகச் சொன்னது, இது நம் தொழிற்சாலையில் நடந்த ஓர் உண்மைச் சம்பவம் என்று.

அவள் புருஷன் ஃபிட்டராக இருந்தவர். போன மழைக்காலத்தில் அந்த ரோலர்தான் அவர் கையை முழங்கைக்கு மேல்வரை இழுத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் நினைவு வந்து போய்க்கொண்டிருந்த நேரத்தில் அவர் அவளிடம் சொன்னதெல்லாம் ஒன்றுதான். அடைப்பை எடுக்க ரோலரை நிறுத்தட்டுமா என்று இவர் கேட்டாராம். நிறுத்தினால் லைன் முழுக்க நின்றுபோகும், ஓடும்போதே பார்த்துவிடு என்று சூப்பர்வைசர் சொன்னாராம். இதைச் சொன்னபோது அவர் குரலில் கோபம்கூட இல்லை, கடையில் ஒரு சாமான் கிடைக்கவில்லை என்று வந்து சொல்கிற மாதிரி சொன்னார். அவர் போன பிறகு நிர்வாகம் அவளைக் கூப்பிட்டுப் பேக்கிங்கில் வேலை கொடுத்தது. படிக்கிற மகளை வைத்துக்கொண்டு அவள் வேண்டாமென்று சொல்லவில்லை.

பாதுகாப்புப் பயிற்சி என்றால் முன்பெல்லாம் யாராவது வந்து பேசுவார்கள், இவர்கள் பின்வரிசையில் தூங்கி வழிந்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுப் போவார்கள் என்று பேக்கிங்கில் சொல்லியிருந்தார்கள். இந்த முறை அப்படி இல்லை. ஆளுக்கொரு திரை. படம் நடுநடுவே நின்று கேள்வி கேட்கும். தப்பாகத் தொட்டால் பின்னால் போய் மறுபடி ஓடும். தள்ளிவிட்டுப் பார்க்க வழியில்லை. முடித்தவர்களுக்குத்தான் அடையாள அட்டை வேலை செய்யும், மற்றவர்களுக்குக் கேட் திறக்காது.

வெல்டர் ரோலர் முன்னால் நின்றார். படமும் நின்றது. இவர் இப்போது என்ன செய்ய வேண்டும் என்று எழுத்து வந்தது. கையை விட்டு அடைப்பை எடுக்கலாம் என்று ஒரு கட்டம், மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும் என்று இன்னொன்று. அவள் சுவிட்சைத் தொட்டாள். உடனே ஒரு மணியோசை. ரோலர் நின்றது, அடைப்பு எடுபட்டது, சாயங்காலம் ஆயிற்று. நீலச் சட்டைக்காரர் ஒரு வீட்டுக் கதவைத் தட்டினார். யாரோ ஒருத்தி, நன்றாகத் தலை வாரினவள், கதவைத் திறந்து சிரித்தாள். உள்ளேயிருந்து ஒரு சிறுமி ஓடிவந்து அவர் காலைக் கட்டிக்கொண்டாள். இவ்வளவுதானா என்று இருந்தது அவளுக்கு. ஒரு தொடலில் அவர் வீட்டுக்கு வந்துவிடுகிறார்.

அதற்குப் பிறகு மற்ற வழியையும் காட்டினார்கள். அதை அவள் பார்க்கவில்லை. மேசையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் காதில் ஹெட்போன் இருந்தது.

கடைசிக் கேள்வி, விபத்து ஏன் நடந்தது என்பது. தொழிலாளியின் கவனக்குறைவு. அவசரம். விதிகளை மதிக்காத மனப்பான்மை. மேற்கண்ட அனைத்தும். அவள் மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் படித்தாள். பிறகு எதையாவது தொட்டுப் பார்ப்போம் என்று அவசரத்தைத் தொட்டாள். படம் பின்னால் போய், வெல்டர் மறுபடி நடந்து வந்தார், மறுபடி அந்தச் சத்தம். கவனக்குறைவைத் தொட்டாள். மறுபடியும் அதே.

பயிற்சி நடத்துகிற பெண் பின்னால் வந்து குனிந்தாள். சின்ன வயது, வேலைக்குப் புதுசு. இவள் யாரென்று அந்தப் பெண்ணுக்குத் தெரியாது என்பது முகத்திலேயே தெரிந்தது.

"கடைசி கட்டம்க்கா. அத தொட்டா முடிஞ்சுது."

"நிறுத்தட்டுமான்னு அவரு கேட்டாரு. இவங்க விடல. அது எந்தக் கட்டத்துல இருக்கு?"

அந்தப் பெண் திரையை ஒருமுறை உண்மையாகவே தேடிப் பார்த்தாள். "இதுல இல்லக்கா."

"எழுத எடம் இருக்கா?"

"தொட மட்டும்தான் முடியும்க்கா." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அவரு உங்களுக்கு யாரு?" என்றாள்.

மற்ற நாற்காலிகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. அப்புறம் அவள் விரலை நீட்டி, மேற்கண்ட அனைத்தும் என்பதைத் தொட்டாள். திரையில் வண்ணக் காகிதங்கள் பறந்தன. வாழ்த்துகள் என்றது அந்தக் கனிவான குரல்.

வெளியே நடையில் வெல்டர் நின்றிருந்தார். அவள் உள்ளே இருப்பது தெரிந்துதான் வந்திருக்க வேண்டும். அவரைத் தாண்டிப் போய்விட நினைத்தவள் நின்றாள்.

"ஏண்ணே நீங்க?"

"நடிக்க வேற யாரும் ஒத்துக்கலம்மா. ஒத்துக்காதவன வேற எடத்துக்கு மாத்திட்டாங்க." தரையைப் பார்த்தே பேசினார். என் சிநேகிதனைப் போல நடக்கத் தெரிந்தவன் நான்தான் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டதாகவும், படம் எடுத்த அன்று வீட்டுக்குப் போய் வாந்தி எடுத்ததாகவும் சொன்னார். "உங்ககிட்ட சொல்ல வாய் வரல."

"அவரு கேட்டது உங்களுக்கும் கேட்டுச்சுதானே?"

அவர் ஆமென்று தலையை ஆட்டினார். விபத்து விசாரணையில் அதை ஏன் சொல்லவில்லை என்று அவள் கேட்கவில்லை. தானும் இப்போதுதான் நிர்வாகம் கேட்ட பதிலைத் தொட்டுவிட்டு வந்திருக்கிறாள். வரேன்ணே என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

அட்டையை வைத்ததும் கேட் திறந்தது. பேக்கிங்கில் பெல்ட் ஓடிக்கொண்டிருந்தது. அச்சிலிருந்து விழுந்த சோப்புகள், இன்னும் சூடு ஆறாமல், வரிசையாக வந்தன. அவள் தன் இடத்தில் நின்று உறை போடத் தொடங்கினாள். சற்று நேரத்தில் ஒரு சோப்பு குறுக்காகத் திரும்பி, பெல்ட் உருளைக்குள் இறங்குகிற வாயில் போய்ச் சிக்கிக்கொண்டது. அதன் பின்னால் வந்தவை முட்டி மோதி ஏறின. வரிசையில் இருந்தவர்கள் எல்லோரும் காலையிலேயே பயிற்சி முடித்தவர்கள். எல்லோருடைய கண்களும் ஒரே நேரத்தில் சுவரில் இருந்த சிவப்புப் பொத்தானுக்குப் போயின.

"நிறுத்தாதீங்க, நிறுத்தாதீங்க," என்று வரிசையின் கோடியிலிருந்து சூப்பர்வைசரின் குரல் வந்தது. "சும்மா தட்டி விடுங்க."

அன்று அவள் புருஷனிடம் ஓடும்போதே பார் என்ற அதே குரல். அதைக் கேட்டோம் என்று அவள் உணர்வதற்குள், அவள் கை உருளையின் வாய்க்குள் போய்ச் சோப்போடு திரும்பியிருந்தது. பெல்ட் பழையபடி ஓடியது. எடுத்த சோப்பு அவள் உள்ளங்கையில் வெதுவெதுப்பாக இருந்தது, அதில் அவளுடைய நான்கு விரல்களும் ஆழமாகப் பதிந்திருந்தன.